கேஸ் இல்லாமல் ஒரே ஒரு பன்றி

போன வாரம் ஆபீசுக்கு வந்திருந்தேனே, அப்போது உங்களில் ஒருத்தி போனில் ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைச் சுற்றுலா போக வேண்டுமாம். எப்போது போகலாம், என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்டிருக்கிறார். "ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சார். காக்கி டிரெஸ், தொப்பி, பைனாகுலர், நல்ல ஷூ" என்று கம்ப்யூட்டரைப் பார்த்து ஒப்பித்துவிட்டுப் போனை வைத்தாள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கரெக்டா சொன்னேனாக்கா?" என்றாள்.

கரெக்ட்தான். ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் அந்த மனிதர் இனிமேல் கூப்பிடமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. இதெல்லாம் அவருடைய போனிலும் வரும். நீ அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அன்றைக்கு டீ வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது. அதனால் இதை எழுதித் தருகிறேன். வேலை இல்லாத மத்தியானத்தில் படியுங்கள்.

நான் இந்தத் தருமபுரியில் டிக்கெட் போட ஆரம்பித்த காலத்தில் நம்முடைய மிகத் தூரமான ஊர் காசி. பிறகு துபாய், சிங்கப்பூர் என்று வந்தது. வேட்டை என்ற வார்த்தையை இந்த ஆபீசில் முதன்முதலில் சொன்னவர் முனிரத்தினம். பாலக்கோடு ரோட்டில் மாம்பழக் கூழ் தொழிற்சாலை வைத்திருப்பவர். வெளிநாட்டு உணவுக் கண்காட்சிகளுக்கு அவருக்கு நான்தான் டிக்கெட் போடுவேன். ஒரு மாசி மாத மத்தியானம் வந்தார். உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். நாற்காலியை என் மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஸ்டெல்லா மேடம், வேட்டைக்குப் போவணும்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டி அவருக்கு நிலம் இருப்பது எனக்குத் தெரியும்.

"சார், இது டிராவல்ஸ். ஃபாரஸ்ட்காரங்க காதுல விழுந்துச்சுன்னா உங்களோட சேத்து என்னையும் ஜீப்புல ஏத்திருவாங்க."

"இங்க இல்லீங்க மேடம். ஆப்பிரிக்காவுல. பாஸ்போர்ட்டு, விசா, பில்லு எல்லாம் வெச்சு, முறையா."

பிறகு கதையைச் சொன்னார். அந்த நிலத்தில் நிலக்கடலை போட்டாலும் குச்சிக்கிழங்கு போட்டாலும் பாதி காட்டுப்பன்றிக்குத்தான். வேலியைச் சுற்றிப் பழைய சேலை கட்டினார்கள். சலூன் கடையில் முடி வாங்கி வந்து வரப்பில் தூவினார்கள். பட்டாசு வெடித்தார்கள்.

"ரேடியோ வெச்சுப் பாத்தோமுங்க. பாட்டு கேட்டுட்டே தின்னுச்சு."

பன்றியின் மேல் ஒரு கல் பட்டால்கூட என்ன கேஸ் வருமோ என்று அவருக்குப் பயம். இந்த நேரம் பார்த்து, கண்காட்சியில் அவரிடம் கூழ் வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் போனில் படம் காட்டியிருக்கிறார். நமீபியாவில் ஒரு பண்ணை. இரண்டு பக்கமும் கொம்பு மாதிரிப் பல் வளைந்த ஒரு பன்றி கீழே கிடக்கிறது, அதன் மேல் காலை வைத்துக்கொண்டு அந்த வெளிநாட்டுக்காரர் சிரிக்கிறார். அங்கே அதற்கு அனுமதிச் சீட்டு உண்டாம், துப்பாக்கியும் அவர்களே தருவார்களாம்.

"ஒரே ஒரு பன்னிங்க மேடம். கேஸ் இல்லாம. எனக்கு அவ்வளவுதான் வேணும். அடுத்த வாரம் கெளம்பிரலாமா?"

சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது சிரிக்கத் தோன்றவில்லை. அது பன்றியைப் பற்றிப் பேசுகிற முகமாக இல்லை. வேறு ஏதோ இருந்தது. அது என்னவென்று எனக்கு அப்போது தெரியாது.

வேட்டையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாது என்று சொல்வதில் நம் தொழிலில் வெட்கமே கிடையாது, தெரிந்த மாதிரிச் சொல்வதில்தான் ஆபத்து. அந்தப் பண்ணையின் எண்ணை வாங்கிப் பேசினேன். பண்ணைக்காரர் வயதானவர், நிதானமாகப் பேசினார். உங்கள் ஆள் இதற்கு முன் சுட்டிருக்கிறாரா என்றார். இல்லை என்றேன். அவசரப்படுகிறாரா என்றார். ஆமாம் என்றேன். இப்போது இங்கே மழைக்காலம், புல் ஆள் உயரம் நிற்கிறது, பத்தடி தள்ளி யானை நின்றாலும் தெரியாது, புல் செத்த பிறகு வரச் சொல்லுங்கள் என்றார்.

இதை முனிரத்தினத்திடம் சீசன், டிரை மந்த்ஸ் என்றெல்லாம் சொல்லவில்லை. "சார், நம்ம ஊர்ல மாடெல்லாம் ஏரிக்கு எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"குட்டை, கெணறு எல்லாம் வத்துனப்ப."

"அங்கயும் அதே கதைதான். மழை பேஞ்சா எல்லா எடத்துலயும் தண்ணி. மிருகம் எங்க வேணா இருக்கும். காஞ்சாத்தான் ஒரே எடத்துக்கு வரும்."

உடனே புரிந்துகொண்டார். விவசாயிக்கு விவசாயத்தில் சொன்னால் போதும். அங்கே வைகாசியில் காய ஆரம்பித்து, ஐப்பசியில் மறுபடி மேகம் வரும். அதற்குள் ஒரு மாதம் பிடிக்க வேண்டும்.

அந்த மாதத்தைப் பிடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அடுத்த தடவை தன் மனைவி அலமேலம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டிக்கொண்டு வந்தார் என்பதைவிட, அந்த அம்மா வந்தார், இவர் பின்னால் வந்தார் என்று சொல்லலாம். அலமேலம்மா மேஜையில் இருந்த காலண்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வைகாசி, ஆனி ரெண்டும் ஃபேக்டரி. பழம் வந்து எறங்கிட்டு இருக்கறப்ப மொதலாளி பன்னி சுடப் போனாருன்னா ஊரு சிரிக்கும்."

"சரிங்க. ஆடி?"

"ஆடியில அம்மனுக்குக் கூழு ஊத்துவோம். பதினெட்டுக்கு ஒகேனக்கல் போவணும். அந்த மாசத்துல போய் உசுரு கொல்றதா?"

"புரட்டாசி?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்பதை மன்னித்தார். "புரட்டாசியில எங்க வூட்டுல முட்டைகூட ஒடைக்க மாட்டோம் மேடம். பெருமாள் மாசம்."

ஐப்பசியில் அங்கே மழை. ஆக, ஆப்பிரிக்காக் கண்டத்தின் காய்ந்த காலம் முழுவதும் எங்கள் காலண்டரில் சுருங்கிச் சுருங்கி ஆவணி என்ற ஒரே மாதத்தில் வந்து நின்றது. அதிலும் விநாயகர் சதுர்த்தியையும் மூன்று கல்யாணங்களையும் கழித்தால் இடையில் ஒரு சின்ன இடைவெளிதான் மிச்சம். ஆச்சரியம் என்னவென்றால், அந்த நேரம்தான் அங்கே தண்ணீர் மிகவும் வற்றியிருக்கும் என்று பண்ணைக்காரர் சந்தோஷப்பட்டார்.

"போலாம். ஆனா நானும் வருவேன்" என்றார் அலமேலம்மா. "போன வருசம் இவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சுருக்குது. உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாரே."

முனிரத்தினம் சுவரில் இருந்த சுவிட்சர்லாந்து படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் போலாம்னு எழுதிக் குடுத்தாத்தான். அப்புறம், எனக்கு இங்கிலீசு வராது. நீங்களும் கூட வரணும்."

இப்படித்தான் நான் வேட்டைக்குக் கிளம்பினேன். மிருகத்தின் சீசனை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். கிளம்புகிறவரின் வீட்டுக்கும் ஒரு சீசன் உண்டு, அதைக் கண்டுபிடிக்கத்தான் நமக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த வருடம் பழம் தாமதமாக வந்தது. ஆடி நடுவில் முனிரத்தினம் போன் செய்து, "ஐப்பசிக்குத் தள்ளிருங்க மேடம்" என்று பிடிவாதம் பிடித்தார். முடியாது என்றேன். நம் ஆபீஸ் முதலாளியை விட்டும் பேசவைத்தார். அவரிடமும் முடியாது என்றேன். மழையை மட்டும் காரணமாகச் சொன்னேன். உள்ளுக்குள் இன்னொரு காரணம் இருந்தது. அலமேலம்மாவின் சம்மதம் ஆவணியைத் தாண்டித் தாங்காது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கடைசியில் தொழிற்சாலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வரச் சம்மதித்தார்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, மூட்டை கட்டுவதைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் இரண்டு குவியல்கள் இருந்தன. ஒன்று அவருடையது. பெங்களூரில் தேடி வாங்கிய, பச்சையும் பழுப்புமாகப் புள்ளி போட்ட பட்டாளத்து உடுப்பு இரண்டு செட். முகத்தை மறைக்கும் அளவுக்குத் தொப்பி. முழங்கை நீளத்தில் ஒரு கத்தி. பெட்டியிலிருந்து இன்னும் எடுக்காத புது பூட்ஸ். இன்னொன்று அலமேலம்மாவுடையது. ரைஸ் குக்கர், களி கிண்ட ராகி மாவு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மாங்காய் ஊறுகாய், முட்டிவலித் தைலம், ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய்.

"ஆப்பிரிக்காவுக்கு எதுக்குடி குல்லாய்? அங்க வெயிலுல மண்டை பொளக்கும்" என்றார் அவர்.

இந்த ஒரு விஷயத்தில் நான் அலமேலம்மா கட்சி. அங்கே ஆவணி என்பது குளிர்காலத்தின் வால். பகலில் வெயில் அடிக்கும், விடியற்காலையில் திறந்த வண்டியில் போனால் பல் கிட்டிப்போகும். ஸ்வெட்டரும் குல்லாயும் கைப்பைக்குப் போயின. பட்டாளத்து உடுப்பு கூடவே கூடாது என்றேன். அந்தப் பக்கத்துச் சில நாடுகளில் சாதாரண ஜனங்கள் அதைப் போட்டுத் திரிந்தால் போலீஸ் பிடிக்கும். கேஸ் இல்லாமல் பன்றி சுடப் போய், உடுப்புக்காகக் கேஸ் வாங்கிக்கொண்டு வருவதா? அவர் முகம் சுருங்கிவிட்டது. "சரிங்க" என்றார். அந்த 'சரிங்க'வை நான் நம்பவில்லை.

கத்தியும் ரைஸ் குக்கரும் வீட்டிலேயே நின்றன. அவர் வழக்கமாகப் போடும் ஜவ்வாதைச் சட்டையில் பூசிக்கொள்ளக் கூடாது என்று தனியாகச் சொன்னேன், மிருகத்துக்கு மூக்குதான் கண். பூட்ஸை அன்றைக்கே காலில் மாட்டச் சொன்னேன். புதுச் செருப்போடு கிளம்புகிற ஆள் இரண்டாம் நாள் கொப்புளத்தோடு அறையில் படுத்திருப்பார், இது பழனி நடைப்பயணமானாலும் ஆப்பிரிக்கா ஆனாலும் ஒன்றுதான். ஒரு மாதம் அந்த பூட்ஸோடு தொழிற்சாலையில் நடந்தார். கூழ் சிந்திய தரையில் நடந்து நடந்து, வீட்டு வாசலில் கழற்றி வைத்தால் எறும்பு மொய்க்கிறது என்று அலமேலம்மா போன் செய்தார்.

அவருடைய நெஞ்சு மாத்திரைகளை இரண்டாகப் பிரித்தேன். பாதி அவர் சட்டைப் பையில், பாதி அலமேலம்மாவின் கைப்பையில். ஒரு மாற்றுத் துணி கைப்பையில். பூட்ஸ் காலில். "பெரிய பொட்டி வராட்டியும் நீங்க வேட்டைக்குப் போற மாதிரி கெளம்பணும் சார்" என்றேன்.

"பொட்டி ஏனுங்க வராது? ஏரோப்ளேன்லதான வருது?"

பெட்டி வரவில்லை. இரண்டு இடத்தில் விமானம் மாறி நமீபியாவில் இறங்கினோம். பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றுபோனது. எங்கள் இருவர் பெட்டிகளும் வந்துவிட்டன. முனிரத்தினம் மட்டும் காலியான பெல்ட்டின் முன்னால், கோயில் நடை சாத்தின பிறகு வந்தவர் மாதிரி நின்றார்.

"அதுல முக்கியமா என்னங்க இருந்துச்சு?" என்று அலமேலம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்ல. துணிதான்."

சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புகார் எழுதிக் கொடுத்துவிட்டு நேராகப் பண்ணைக்குப் போனோம். ஊர்ப்பட்ட சாமானைப் பற்றிச் சண்டை போட்ட மனிதர், உடுத்திய சட்டையும் ஒரு மாற்றுத் துணியும் ஸ்வெட்டரும் பூட்ஸும் மாத்திரையுமாக வேட்டைக்கு வந்து சேர்ந்தார். ஒன்றும் குறையவில்லை.

எங்களுக்கு வழிகாட்டி யோஹானஸ் என்பவர். அதிகம் பேசாதவர். முதலில் ஓர் அட்டையை நட்டு அதில் சுடச் சொன்னார். முனிரத்தினம் முதல் குண்டில் அட்டைக்குப் பின்னால் இருந்த மரத்தைச் சுட்டார். சாயங்காலத்துக்குள் அட்டையில் பட ஆரம்பித்தது. யோஹானஸ் தலையாட்டினார். மறுநாள் விடியும்போது, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக, ஊட்டிக்கு வந்த கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முனிரத்தினம் வண்டியில் ஏறினார். அலமேலம்மா சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் கேன்வாஸ் ஷூவுமாக அவர் பக்கத்தில்.

அன்றைக்கு ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை. வெகுநேரம் நடந்த பிறகு யோஹானஸ் நின்று, காற்றை முகர்ந்து, பிறகு முனிரத்தினத்தை முகர்ந்தார். இது என்ன வாசனை என்று என்னிடம் கேட்டார்.

நான் அலமேலம்மாவைப் பார்த்தேன். "குளிருதுன்னு இவரு முட்டிக்கு லேசா தைலம் தேச்சேன்" என்றார். "ஏன், அது பன்னிக்கு ஆவாதா?"

யோஹானஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த அமைதியான மனிதர் கீழே உட்கார்ந்து சிரித்தார்.

இனி சொல்லப்போவதைச் சிரிக்காமல் படியுங்கள். இரண்டாம் நாள் தைலம் இல்லை. ஒரு தண்ணீர்க் குட்டைக்கு எதிரே, தட்டி வைத்து மறைத்த குடிசையில் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் வந்ததும் பன்றிகள் வந்தன. முதலில் ஒரு தாயும் குட்டிகளும். பின்னால் தனியாக ஒரு கிழட்டு ஆண். அவர் படத்தில் பார்த்துச் சொன்ன அதே வளைந்த பல். தண்ணீருக்குப் பக்கத்தில் வந்து பக்கவாட்டில் திரும்பி நின்றது. யோஹானஸ் துப்பாக்கியைத் தாங்கு கட்டையில் வைத்து, முனிரத்தினத்தின் தோளைத் தொட்டார். இப்போது, என்று அர்த்தம்.

முனிரத்தினம் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். பிறகு ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். அந்தக் குளிரில் அவர் நெற்றியில் வேர்வை நின்றது.

"என்னங்க?" என்றார் அலமேலம்மா, காற்றைவிட மெதுவாக.

"ஒண்ணுமில்ல. சும்மா இரு. சுட்டுட்டுப் போயிரலாம்."

யோஹானஸுக்குத் தமிழ் தெரியாது. சுடுங்கள், போய்விடும் என்று மறுபடி சைகை காட்டினார். பன்றி நின்றுகொண்டிருந்தது. அது ஓடியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். இவர் இத்தனை வருடம் ஏங்கிய ஒன்று கண்ணெதிரில் நிற்கிறது. வாயுத்தொல்லையாகவும் இருக்கலாம். நான் தடுத்து, அது வெறும் வாயுவாக இருந்தால், இந்த மனிதர் என்னைச் சாகும்வரை மன்னிக்கமாட்டார். தடுக்காமல், அது வாயுவாக இல்லாவிட்டால், மன்னிக்க அவர் இருக்கமாட்டார். இந்த மாதிரி நேரத்தில் எது சரி என்று தேடாதீர்கள், கிடைக்காது. பின்னால் போய் மன்னிப்புக் கேட்க முடிகிற தப்பு எதுவோ, அதைச் செய்யுங்கள்.

நான் எழுந்து நின்றேன். பன்றிகள் சிதறி ஓடின.

அலமேலம்மா மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்தார். யோஹானஸ் வண்டியை அந்தக் கல்காட்டில் ஓட்டிய ஓட்டம் இன்னும் என் இடுப்பில் இருக்கிறது. பக்கத்துச் சிறு ஊரில் ஒரு கிளினிக். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மத்தியானம் வரை படுக்கவைத்துப் பார்த்தார்கள். பிறகு டாக்டர் பெண்மணி வந்து, இதயத்தில் ஒன்றுமில்லை, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

தான் ஒன்றும் தரவில்லை என்றார் அலமேலம்மா. யோஹானஸ் தயங்கித் தயங்கி, வண்டியில் வைத்திருந்த உப்புக்கண்டம் மாதிரியான காய்ந்த இறைச்சியை இவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்றார். எவ்வளவு? பை முழுவதும். வெறும் வயிற்றில் அதுவும், அதற்கு மேல் பதற்றமும். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது முனிரத்தினம் எங்களோடு உட்காராமல் வண்டியின் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். சாயங்காலம் பண்ணை வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது வந்து, கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது நின்னுட்டே இருந்துச்சு மேடம்."

"தெரியும் சார். மன்னிச்சுக்குங்க."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்களச் சொல்லிக் குத்தமில்ல. நெஞ்சுல அத வெச்சதுல இருந்து எல்லாரும் என்னைக் கையப் புடிச்சே கூட்டிட்டுப் போறாங்க. ஃபேக்டரியில ஒரு பொட்டியத் தொட்டா நாலு பேரு ஓடி வர்றாங்க. படிக்கட்டுல ஏறுனா வூட்டுல ஒரு சத்தம். நான் இன்னும் இருக்கறனா இல்லையான்னு எனக்கே தெரியல. ஒரு வேலைய முழுசா நானா செய்யணும்னு நெனச்சேன். பன்னி சாக்கு."

மாசி மாதம் என் மேஜைக்கு எதிரில் நான் பார்த்த முகத்துக்கு அர்த்தம் இதுதான். கேட்டிருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் கவனித்து வைத்திருந்ததால், இப்போது காதில் விழுந்ததும் புரிந்தது.

மறுநாள் ஒரே ஒரு காலைதான் மிச்சம். அவரை வேட்டைக்கு விடலாமா, வேண்டாமா? அலமேலம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு இதைத்தான் கேட்டார். நான் கிளினிக்குக்குப் போன் செய்து டாக்டரைக் கேட்டேன். உட்கார்ந்து சுடுவதானால் தாராளமாகப் போகலாம், அந்த இறைச்சியை மட்டும் ஒளித்து வையுங்கள் என்றார். அதைச் சொன்னேன். அதோடு, வாசலில் அவர் சொன்னதையும் சொன்னேன். ஒரு வாடிக்கையாளர் நம்மிடம் மனம்விட்டுச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்றுதான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அதை மீறினேன், இன்றைக்கும் அது சரியென்றே நினைக்கிறேன்.

அலமேலம்மா உள்ளே போய்விட்டார்.

காலையில் வண்டி வந்து நின்றது. அலமேலம்மா தன் கைப்பையில் இருந்த மாத்திரைகளையும் எடுத்துக் கணவரின் கையில் கொடுத்தார். "ரெண்டு பங்கும் நீங்களே வெச்சுக்குங்க. நான் வரல. இங்க இருக்கற அம்மா என்னமோ சமைக்கக் கத்துத் தரேன்னு சொல்லிருக்குது."

முனிரத்தினம் அவரைப் பார்த்தார். மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வண்டியிலிருந்து குடிசை வரை யாரும் கை பிடிக்காமல் நடந்தார்.

அதே கிழட்டுப் பன்றி வந்தது என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். வந்தது வேறொன்று, கொஞ்சம் சின்னது. குடும்பத்தோடு வந்தது. முனிரத்தினம் அவசரப்படவில்லை. மூச்சை இழுத்து, பாதி விட்டு, யோஹானஸ் சொல்லித் தந்தபடியே விரலை மெதுவாக மடக்கினார். கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன், கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

குண்டு பன்றிக்கு முன்னால் இருந்த சேற்றில் பாய்ந்தது.

சேறு மேலே எழும்பியது. பன்றி திடுக்கிட்டு, நடந்ததை நம்பாதது போல ஒரு கணம் எங்கள் குடிசையைப் பார்த்தது. பிறகு ஓடியது. அந்த ஊர்ப் பன்றி ஓடும்போது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் என்பது எங்களுக்குத் தெரியாது. பழைய காரில் ஏரியல் கம்பி நிற்குமே, அந்த மாதிரி நெட்டுக்குத்தலாக. பெரியது ஒரு கம்பி, பின்னால் குட்டிகள் வரிசையாகச் சின்னச் சின்னக் கம்பிகள். புழுதிக்குள் ஆள் தெரியவில்லை, கம்பிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

முனிரத்தினம் துப்பாக்கியை யோஹானஸ் கையில் கொடுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. நிறுத்த முடியவில்லை அவரால். பொறுங்கள், மறுபடி வரும், இன்னொரு குண்டு போடலாம் என்றார் யோஹானஸ்.

"போதும்னு சொல்லுங்க மேடம்" என்றார். "சுட்டது நான்தான். தப்பவிட்டதும் நான்தான். போதும்."

அவருடைய பெட்டி நாங்கள் ஊருக்கு வந்த பிறகு தருமபுரிக்கு வந்து சேர்ந்தது. திறந்தது அலமேலம்மா. மேலேயே மடித்து வைத்திருந்தது பட்டாளத்து உடுப்பு, இரண்டு செட்டும். ஒன்றை வைக்கோல் அடைத்துப் பென்னாகரத்து நிலத்தில் பொம்மையாக நிறுத்தியிருக்கிறார்கள். பன்றிகள் அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தின்கின்றனவாம்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அடுத்த தடவை ஒருவர் எப்போது போகலாம் என்று கேட்டால், மாதத்தைச் சொல்வதற்கு முன் கூட யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்டால், பெட்டி தொலைந்தாலும் எது வேண்டும் என்று கேளுங்கள். மீதியை அவர்களே பேசுவார்கள். நீங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்தால் போதும்.

அந்த வருடப் புரட்டாசி தொடக்கத்தில், எடுத்த படங்களைக் கொடுக்க நான் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். பழ சீசன் முடிந்து, முற்றத்தில் டிரம்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அலமேலம்மா ஆபீஸ் படியில் உட்கார்ந்து எனக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். வேலை செய்கிறவர்களுக்குப் படத்தில் திருப்தி இல்லை. அதில் பன்றி இல்லை, புழுதிதான் இருந்தது.

"எப்படிண்ணா ஓடுச்சு?" என்றான் ஒருவன்.

முனிரத்தினம் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய், விரலை வானத்தைப் பார்த்து நிறுத்தினார். குனிந்து, டிரம்களுக்கு நடுவில் நாலடி குடுகுடுவென்று ஓடிவிட்டு நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, அதட்டல் வரும் என்ற பழக்கத்தில், படிக்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

அலமேலம்மா மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட அந்தக் கோடி வரைக்கும் ஓடுச்சுன்னு சொன்னீங்க" என்றார். "அதையும் காட்டுங்க."